மூட்டம் போட்டால் மர்மப் படமா? நம்ம மலையும் சினிமாக் கண்ணும்

கேத்திக்காரன் | டிசம்பர் 9, இரவு 10.42

நேற்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு மர்மப் படம் பார்த்தோம். பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு முழுக்க அந்தப் படத்தின் பக்கம் போய்விடும். ஊட்டியில் நடக்கிற கதை. முதல் ஷாட் மேலே இருந்து, டீத் தோட்டத்துக்கு நடுவே வளைந்து போகிற ரோடு, ஒற்றைக் கார். அடுத்தது துருப்பிடித்த இரும்புக் கேட். அதற்கடுத்து கம்பளி போர்த்திய வாட்ச்மேன், கையில் அரிக்கேன் விளக்கு, முகத்துக்குக் கீழே இருந்து வெளிச்சம். அந்த இடத்திலேயே எங்கம்மா, "இந்த ஆள் கொலை பண்ணியிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இவ்வளவு சந்தேகமாக் காட்டினா அவன் இல்லைன்னு அர்த்தம்."

அம்மா நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள். வருடத்துக்கு நாலு படம் பார்த்தால் அதிகம். அவளுக்கே அந்தப் பாஷை அத்துப்படி என்றால் டைரக்டர் யாரிடம் எதை மறைக்கிறார்?

இன்னொரு எரிச்சல் மிஸ்ட். படத்தில் மிஸ்ட் முழங்கால் உயரத்துக்குத் தரையில் புரள்கிறது. நம்ம ஊர் மிஸ்ட் என்றைக்கு அப்படி வந்தது? பள்ளத்தில் இருந்து ஏறும், இல்லாவிட்டால் மேலே இருந்து சரிவோடு இறங்கும். முதலில் எதிர் மலை போகும், அப்புறம் கற்பூர மரங்கள், அப்புறம் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை, கடைசியில் நம் கண் இமை நனைந்திருக்கும். அதில் பயப்பட என்ன இருக்கிறது? துணி காயாது, அதுதான் கஷ்டம்.

விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு குறும்படம் எடுக்கப் போகிறேன், மர்மக் கதைதான். மிஸ்ட், பங்களா, கதவு கிரீச் எதுவும் வேண்டாம் என்று முடிவு. இந்த மலையில் நிஜமாகவே உங்களை ஒரு நிமிடம் நிற்க வைத்த காட்சி எது? கதை வேண்டாம், கண்ணால் பார்த்தது மட்டும் போதும்.

பஸ்_போச்சே | டிசம்பர் 9, இரவு 10.58

கரன்ட் போகிற சீனை விட்டுட்டீங்களே. படத்தில் கரன்ட் போனால் கொலை. நம்ம ஊரில் கரன்ட் போனால் கரன்ட் போச்சு, அவ்வளவுதான்.

தெர்மாகோல் தம்பி | டிசம்பர் 9, இரவு 11.30

கேத்தி அண்ணா, நான் குன்னூர்தான், இப்போது சென்னையில் கேமரா உதவியாளர். மிஸ்டைத் திட்டுவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

மூன்று வருடம் முன்பு ஒரு எஸ்டேட் பங்களாவில் இரவு சீன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு நிஜ மிஸ்ட் இறங்கியது. புகைச் செலவு மிச்சம் என்று தயாரிப்பு நிர்வாகிக்கு வாயெல்லாம் பல். கதாநாயகி வாசலில் இருந்து கேட் வரை நடக்க வேண்டும். முதல் டேக் அற்புதம். இரண்டாவது டேக்கில் கேட்டைக் காணோம். மூன்றாவதில் கதாநாயகியையே காணோம். நாலாவதுக்கு முன்னால் ஒரு காற்று அடித்தது பாருங்கள், எல்லாம் துடைத்து விட்ட மாதிரி, எதிர் மலையில் வீட்டு விளக்கு ஒவ்வொன்றும் பளிச் பளிச். நாலு டேக்கையும் எப்படி ஒட்டுவது? பேக்கப். மறுநாள் ஃபாக் மெஷின் வாடகைக்கு மேட்டுப்பாளையத்தில் இருந்து வந்தது. இயற்கை ஒரே சீனில் இரண்டு முறை ஒரே மாதிரி நடிக்காது, அதற்குத்தான் மெஷின். அதுவும் இல்லாத யூனிட்டில் தேங்காய் மட்டையும் சாம்பிராணியும் போட்டுப் புகைப்பார்கள், இரண்டு நாள் சட்டையில் கோவில் வாசனை.

இன்னொன்று, புகை தானாகத் தெரியாது. முன்னால் இருந்து லைட் அடித்தால் வெள்ளைச் சுவர்தான். மிஸ்டில் ஹைபீம் போட்டு ஓட்டிப் பார்த்த டிரைவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆளுக்குப் பின்னால் லைட்டை வைத்தால்தான் அவன் கறுப்பு உருவமாக நிற்பான். ஆக நீங்கள் பார்ப்பது மிஸ்டை இல்லை, மரத்துக்குப் பின்னால் நாங்கள் ஒளித்து வைத்திருக்கிற ஒரு லைட்டை. ரோட்டை நனைப்பதும் இதே கணக்குதான். காய்ந்த தார் ரோடு இரவில் வெறும் கறுப்பு, கேமராவுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. தண்ணீர் அடித்துவிட்டால் ஒரு தெருவிளக்கு இருபது விளக்காகிவிடும். வியன்னாவில் எடுத்த 'த தேர்ட் மேன்' (1949) இரவுத் தெருக்கள் பளபளப்பதன் ரகசியம் அதுதான்.

வழக்கமான பிம்பம் என்றாலே சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. அது பார்க்கிறவரோடு போட்ட ஒப்பந்தம். உங்கள் அம்மா வாட்ச்மேனைக் கழித்துவிட்டார் இல்லையா? நல்ல டைரக்டர் அதையும் எதிர்பார்த்து, அம்மா கழித்துவிட்ட ஆளையே கடைசியில் கொலைகாரனாக்குவான்.

கேத்திக்காரன் | டிசம்பர் 9, இரவு 11.51

தம்பி, அன்றைக்கு அந்த டைரக்டர் அப்படிச் செய்யவில்லை. அம்மா சொன்னதுதான் சரி. வெங்காயமும் உரித்தாகிவிட்டது.

கொழுந்து | டிசம்பர் 10, காலை 7.15

கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் புகையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குப் பிரச்சினை வேறு இடத்தில். மர்மப் படம் என்றால் ஒரு பெண் ஜன்னல் ஓரம் நிற்பாள், கேமரா வெளியே புதருக்குள் இருந்து இலைகளுக்கு நடுவே அவளைப் பார்க்கும், லேசாக ஆடும், மூச்சுச் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் தியேட்டரில் இருக்கிற நாம் எல்லோரும் அந்தப் புதருக்குள் இருக்கிறோம். அவள் பயத்தை நாம் படவில்லை, பயமுறுத்துகிறவன் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதை ஒப்பந்தம் என்கிறார் தம்பி. நான் எங்கே கையெழுத்துப் போட்டேன்?

அதுவும் இங்கே அதற்குப் புதரே தேவையில்லை. எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே. ரோடு எங்கள் கூரை மட்டத்தில் இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிறவர் சும்மா திரும்பினால் எங்கள் முற்றம், துவைக்கிற கல், பாத்ரூம் வாசல் எல்லாம் தெரியும். அவர் வேண்டுமென்று பார்க்கவில்லை, நிற்கிற இடம் அப்படி. கல்யாணமாகி வந்த புதிதில் நான் தலையைத் தூக்கிப் பார்க்கவே மாட்டேன். சமவெளியில் மர்மம் மாடிப்படி ஏறி மேலே இருக்கும் என்று படம் எடுக்கிறார்கள். இங்கே படி கீழே இறங்குகிறது. ரோட்டில் நுழைந்தால் ஹால், ஹாலுக்குக் கீழே அடுப்படி, அதற்கும் கீழே விறகு வைக்கிற இடம், அதற்கப்புறம் டீச்செடி. படத்துக்கு அதை எடுங்கள் தம்பி. ஆனால் கீழே இருக்கிறவள் தலையைத் தூக்கிப் பார்க்கிற கோணத்தில் எடுங்கள்.

பஸ்_போச்சே | டிசம்பர் 10, காலை 7.40

குரங்குக் குல்லாவும் மப்ளரும் கையுறையும் போட்டவன்தான் கொலைகாரன் என்றால், காலை ஆறு மணிக்கு ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை பேரையும் பிடித்து உள்ளே போட வேண்டியதுதான். நான் உட்பட.

தெர்மாகோல் தம்பி | டிசம்பர் 10, காலை 9.05

அக்கா சொன்னது உறைக்கிறது. அந்த ஷாட்டில் நானே ஃபோகஸ் பிடித்திருக்கிறேன்.

கறுப்புக் கையுறை இத்தாலிக்காரர்கள் வேலை. 1929-இல் இருந்து அங்கே ஒரு பதிப்பகம் துப்பறியும் கதைகளை மஞ்சள் அட்டை போட்டு விற்றது. அதனால் மஞ்சளுக்கு அவர்கள் சொல்லும் 'ஜாலோ' என்ற சொல்லே அந்த வகைக் கதைக்கும் பிறகு படத்துக்கும் பெயராகிவிட்டது. கொலைகாரனின் முகம் தெரியக் கூடாது, ஆனால் ஆள் ஃபிரேமில் இருக்க வேண்டும். அப்போது கை மட்டும்தான் மிச்சம், கைக்கு உறை. அங்கே அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஊட்டியில் கையுறை போட்டவனைப் பார்த்தால் 'பாவம், குளிருது' என்றுதான் தோன்றும்.

மலைப்பூண்டு | டிசம்பர் 10, மதியம் 1.20

நீலகிரிக்காரர்களே பேசிக்கொண்டிருந்தால் எப்படி, கொடைக்கானல் பக்கமும் கொஞ்சம் வாருங்கள்.

வெள்ளைக்காரன் டெவில்ஸ் கிச்சன் என்று வைத்த இடம், 1991-இல் 'குணா' வந்ததும் குணா குகை ஆகிவிட்டது. 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் படத்தில் ஒரு பையன் விழுகிற அந்தக் குழி எங்கே என்று கேட்கிறார்கள். கம்பி போட்டிருக்கிறது, ஒன்றும் தெரியாது. தெரிவதெல்லாம் தரைக்கு மேலே நரம்பு மாதிரிப் பின்னிக் கிடக்கிற சோலை மரத்து வேர்கள்தான். படத்தில் அவர்கள் பார்த்த குகை கேரளாவில் பெரும்பாவூரில் போட்ட செட். அதில் தப்பே இல்லை, நிஜக் குழிக்குள் கேமராவை விட்டால் கறுப்புத் திரைதான் கிடைக்கும். இருட்டைக் காட்டவே வெளிச்சம் போட வேண்டியிருக்கிறது என்பது இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த விசித்திரம்.

ஆனால் நான் நின்று போனது அந்த வேர்களுக்கு முன்னால், வெயில் நேரத்தில், நாலு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது. ஒரு குழந்தை பந்தைத் தவறவிட்டது. அது வேர் மேல் குதித்துக் குதித்துக் கம்பிக்கு அந்தப் பக்கம் போனது. சத்தம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை.

கேத்திக்காரன் | டிசம்பர் 10, மதியம் 2.02

பூண்டு அண்ணா, இதுதான் கேட்டேன். நன்றி.

தெர்மாகோல் தம்பி | டிசம்பர் 10, மதியம் 2.30

பூண்டு அண்ணா, நீங்கள் பந்தைச் சொன்னதும் 'எம்' படம் ஞாபகம் வந்துவிட்டது. ஃபிரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்தது. ஒரு சிறுமி கொல்லப்படுகிறாள், கொலையைக் காட்டவே இல்லை. புல்லில் அவள் பந்து உருண்டு வந்து நிற்கிறது, அவள் பலூன் தந்திக் கம்பியில் சிக்கிக்கொண்டு ஆடுகிறது. வீட்டில் அவளுக்குப் போட்ட சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருக்கிறது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை. பொருள் இருக்கிறது, ஆள் இல்லை. அக்கா கேட்டதற்கும் இது ஒரு பதில் என்று நினைக்கிறேன். புதருக்குள் போய் உட்காராமலும் பயத்தைக் காட்ட முடியும்.

பொருளை மட்டும் வைத்து மிரட்டுவதில் ஹிட்ச்காக் கில்லாடி. 'சஸ்பிஷன்' (1941) படத்தில் கணவன் மாடிப்படி ஏறி மனைவிக்குப் பால் கொண்டு வருவான். சுற்றிலும் இருட்டு, பால் மட்டும் ஜொலிக்கும். டம்ளருக்குள் ஒரு சின்ன பல்பை வைத்திருந்தார்கள். வீட்டில் தினமும் பார்க்கிற பால் டம்ளர், அதில் அளவுக்கு மீறிய வெள்ளை, அவ்வளவுதான்.

கேத்திக்காரன் | டிசம்பர் 11, இரவு 8.10

இன்று ஒரு சோதனை செய்தேன். மர்மப் படத்தில் ஏதோ சரியில்லை என்று சொல்ல கேமராவைச் சாய்ப்பார்களே, அதைத் தோட்டத்தில் செய்து பார்த்தேன். நன்றாக இருபது டிகிரி சாய்த்து, சரிவில் ஒரு பையனை நடக்க விட்டு எடுத்து வீட்டில் போட்டுக் காட்டினேன். சாய்ந்திருப்பதே யாருக்கும் தெரியவில்லை! நம்ம ஊரில் எதுதான் நேராக இருக்கிறது? வீடு, ரோடு, டீச்செடி வரிசை, மாடு நிற்கிற நிலை எல்லாமே சாய்வு. பிறகு ஃபிரேமுக்குள் ஒரு கற்பூர மரத்தைக் கொண்டு வந்ததும்தான் அம்மா "ஏன்டா மரம் விழுது" என்றாள்.

தெர்மாகோல் தம்பி | டிசம்பர் 11, இரவு 8.25

ஹா ஹா. 'த தேர்ட் மேன்' படத்தில் நிறைய ஷாட்டுகளைக் கேமராவைச் சாய்த்தே எடுத்திருந்தார் டைரக்டர் கேரல் ரீட். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு டைரக்டர் வில்லியம் வைலர் அவருக்கு ஒரு ரசமட்டம் அனுப்பி வைத்தார், அடுத்த படத்துக்குக் கேமரா மேல் வைத்துக்கொள்ளுங்கள் என்று. வியன்னாவில் நேரான கட்டடங்கள் நிறைய, அதனால் சாய்த்தால் தெரிந்தது. உங்களுக்குச் சரிவை விட்டுவிட்டு ஒரு கதவு நிலை போதும். அக்கா வீட்டு அடுப்படிக் கதவு.

கொழுந்து | டிசம்பர் 11, இரவு 9.00

கதவு தருகிறேன், டீயும் தருகிறேன். அடுப்படிக்குள் சாம்பிராணி போட விட மாட்டேன்.

இருட்டறை | டிசம்பர் 12, காலை 5.50

இந்து நகரில் இருந்து எழுதுகிறேன். வயது எழுபத்து மூன்று, பேரன்தான் இந்த இழையைக் காட்டினான். பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த நிறுவனம், இப்போது இயங்கவில்லை. எக்ஸ்ரே பிலிம், கறுப்பு வெள்ளை சினிமா பிலிம், போட்டோ பேப்பர் எல்லாம் இங்கே ஊட்டியில் தயாரானவை.

எனக்கு இந்தப் படங்களில் ஆகாத ஒரே காட்சி சிவப்பு விளக்கு அறை. துப்பறிகிறவன் கேமராவில் இருந்து பிலிம் சுருளை எடுப்பான், அறை முழுக்கச் சிவப்பு வெளிச்சம், சுருளை அங்கேயே விரித்துக் கழுவுவான், கயிற்றில் தொங்கவிட்ட படத்தில் கொலைகாரன் முகம் மெல்ல வரும். அச்சுப் போடுகிற கறுப்பு வெள்ளைப் பேப்பருக்குச் சிவப்பு விளக்கு சரி, அது சிவப்பைப் பார்க்காது. முகம் மெல்ல வருவதும் பேப்பரில் நிஜம்தான், எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் கேமராவில் போடுகிற சாதாரண நெகட்டிவ் எல்லா நிறத்தையும் பார்க்கும். அதைச் சிவப்பு விளக்கில் பிரித்தால் கொலைகாரன் தப்பித்தான், சாட்சி போச்சு. எங்கள் பாஷையில் அதற்குப் பெயரே 'ஃபாக்' ஆகிவிட்டது என்பதுதான். நீங்கள் இத்தனை நாளாக மிஸ்ட் அழகா இல்லையா என்று சண்டை போடுகிறீர்கள், எங்களுக்கு ஃபாக் என்றால் கெட்டுப்போன சரக்கு.

அதனால் எங்களுக்கு நிஜ இருட்டு தெரியும். படத்து இருட்டு நீலமாக இருக்கும், நிலா வெளிச்சமாம். எங்கள் இருட்டுக்கு நிறம் கிடையாது. கையைக் கண்ணுக்கு முன்னால் வைத்தால் கை இல்லை. உள்ளே நடக்கும்போது "வர்றேன், வர்றேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவோம், எதிரில் வருகிறவர் மோதக் கூடாது என்று. இருட்டில் ஒருநாளும் பயமில்லை. யாராவது குரல் கொடுக்காமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால், அப்போது முதுகு சில்லிடும்.

கேத்தித் தம்பி கேட்டதற்குப் பதில் வேறு. ஒரு ஜனவரி மாதம், இரவு ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் வெளியே வந்தேன். எட்டு மணி நேரம் இருட்டில் இருந்த கண். வானம் சுத்தமாக இருந்தது, ஒரு பொட்டு மேகம் இல்லை. புல் பூராவும் வெள்ளை. குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்பினால், ஒரு வீட்டு வாசலில் ஒருவன் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நிற்கிறான், தலை இல்லை. காலும் இல்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் கொஞ்சம் ஏறியது. அவன் வலது கை மட்டும் மெல்லத் தொங்கியது. அப்புறம்தான் புரிந்தது, முந்தின நாள் துவைத்துக் கொடியில் போட்டு எடுக்க மறந்த சட்டை. ஈரத்தோடு உறைந்து பலகை மாதிரி விறைத்திருக்கிறது. வெயில் பட்டதும் இளகுகிறது.

அந்த வீட்டுக்காரர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

மலைப்பூண்டு | டிசம்பர் 12, காலை 8.12

ஐயா.

தெர்மாகோல் தம்பி | டிசம்பர் 12, காலை 8.40

ஐயா, வணக்கம். சிவப்பு விளக்கு விஷயத்தில் எங்கள் ஆட்களை மன்னித்துவிடுங்கள், இனிமேல் எந்த செட்டில் பார்த்தாலும் சொல்வேன், கேட்பார்களா என்பது வேறு.

கேத்தி அண்ணா, ஒன்றைக் கவனித்தீர்களா? உறைபனி விழ வானம் தெளிந்திருக்க வேண்டும், காற்று ஓய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தரைச் சூடு இரவெல்லாம் மேலே போய்விடும். மேக மூட்டமோ மிஸ்டோ இருந்தால் அது போர்வை மாதிரிச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உறைபனி விழாது. அதாவது நீங்கள் தேடிக்கொண்டிருந்த பயம் மிஸ்ட் இல்லாத அன்றைக்குத்தான் வரும். ஏழு மணி வெயில் படுத்த மாதிரி வரும், சட்டையின் நிழல் வெள்ளைப் புல்லில் இருபது அடிக்கு நீளும். 1920-இல் ஜெர்மனிக்காரர்கள் 'டாக்டர் காலிகாரி' படத்துக்கு அந்த மாதிரி நிழலைச் செட்டில் பெயின்டால் வரைந்தார்கள். உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. லைட் வேண்டாம், மெஷின் வேண்டாம். ஒரே சிக்கல், ஒரு நாளைக்கு ஒரு டேக்தான். கை தொங்கிவிட்டால் அடுத்த உறைபனிக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு கேமரா வையுங்கள், ஒன்று நான் கொண்டு வருகிறேன்.

கொழுந்து | டிசம்பர் 12, காலை 9.30

சட்டையைத் தூரத்தில் இருந்து எடுங்கள், ஐயா நின்ற இடத்தில் இருந்து. பக்கத்தில் போய்ப் பொத்தானை எல்லாம் காட்டினால் அம்மா வெங்காயம் உரிக்கப் போய்விடுவார்.

கேத்திக்காரன் | டிசம்பர் 12, மதியம் 12.15

அக்கா, தூரத்தில்தான். மேலே இருந்து இல்லை, கீழே வாசலில் நிற்கிறவர் கண் மட்டத்தில்.

ஐயா, ஜனவரி இரண்டாவது வாரத்தில் இருந்து தினமும் ராத்திரி ஒரு சட்டையை நனைத்துக் கொடியில் போடப் போகிறேன். கேத்தியில் எங்கள் பள்ளத்திலும் விழும், ஆனால் தலைகுந்தா பக்கம் அளவுக்கு நிச்சயமில்லை. அந்தக் குவார்ட்டர்ஸ் பக்கம் எடுக்க முடியுமா? நீங்கள் நின்ற இடத்தைக் காட்டினால் போதும், கேமராவை அங்கேயே வைத்துவிடுவேன்.

இருட்டறை | டிசம்பர் 12, மாலை 6.05

வருகிறேன் தம்பி. காலை ஐந்தரைக்கே அங்கே இருக்க வேண்டும், வெயில் ஏறின பிறகு வந்தால் வெறும் ஈரச் சட்டைதான் பார்ப்பீர்கள். அரைக் கைச் சட்டை வேண்டாம், முழுக்கை, கொஞ்சம் தடித்த காடாத் துணியாக இருக்கட்டும், பிழியாமல் போடுங்கள். நான் குரங்குக் குல்லா, மப்ளர், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு இருட்டில் நிற்பேன், பஸ்_போச்சே தம்பி பார்த்துப் பயந்துவிட வேண்டாம். குரல் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.